சத்தம் தாங்காத காதுக்கு எந்த ஹெட்போன்?

கேள்வி இதுதான்: "என் தங்கைக்கு 19 வயது, ஆட்டிசம் உண்டு. மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். குக்கர் விசில், பஸ் ஹாரன், பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் எதுவும் ஆகாது. ஆனால் பாட்டு என்றால் உயிர். இதுவரை மூன்று ஹெட்போன் வாங்கிக் கொடுத்தாயிற்று. எதையும் கால் மணி நேரத்துக்கு மேல் போடுவதில்லை. கண்ணாடி அணிபவள். காதை முழுவதும் மூடும் க்ளோஸ்டு பேக் வகையில் எது வாங்கலாம்?"

மாடல் பெயர் மட்டும் வேண்டுமென்றால் நேராகக் கடைசிக்குப் போய்விடுங்கள். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கால் மணி நேரக் கணக்கு. ஒலி பிடிக்கவில்லை என்றால் ஒரு பாட்டுக்குள்ளேயே கழற்றியிருப்பாள். பத்துப் பதினைந்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றுகிறாள் என்றால் பெரும்பாலும் காரணம் தலை, தோல், வியர்வை. ஹெட்போன் என்பது பாட்டுக் கருவி என்பதற்கு முன்னால் உடம்பில் அணிகிற பொருள். செருப்பு வாங்குகிற மாதிரி வாங்க வேண்டும், ரேடியோ வாங்குகிற மாதிரி வாங்குகிறோம்.

நான் பதினான்கு வருடமாக டப்பிங், மிக்சிங் வேலையில் இருப்பவன். நாளில் எட்டு மணி நேரம் தலையில் ஹெட்போன் இருக்கும். சட்டைக் காலரில் லேபிள் உறுத்தினால் அன்றைக்கு எனக்கு வேலையே ஓடாது, ஆகவே உங்கள் தங்கை சொல்வது எனக்கு ஓரளவு புரியும். ஆட்டிசத்தின் அளவுகோல்களில் புலன் உணர்வு மிகையாகவோ குறைவாகவோ இருப்பதையும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் சேர்த்தது. அதுவரை இதைப் "பிடிவாதம்" என்று சொன்னவர்கள்தான் அதிகம். இன்றும் குறைவில்லை.

முதலில் சத்தங்களைப் பிரித்துக்கொள்வோம். நீங்கள் சொன்ன நான்கும் ஒரே வகை கிடையாது. குக்கர் விசில் கீச்சென்ற உயர்ந்த ஒலி, திடீரென்று வருவது. மிக்சி நடுத்தரமும் உயரமும் கலந்த இரைச்சல். ஹாரனும் அந்தப் பக்கம்தான். மண்டபத்து ஸ்பீக்கரில் அவளை வதைப்பது அநேகமாக அந்த 'தும் தும்' பேஸ்.

க்ளோஸ்டு பேக் என்றால் காதை மூடும் கப்பின் வெளிப்பக்கம் மூடியிருக்கும், அவ்வளவுதான். அந்த மூடலும், காதைச் சுற்றி இருக்கும் மெத்தை, அதாவது பேட், தலையோடு ஒட்டி இருப்பதும் சேர்ந்து வெளிச்சத்தத்தைத் தடுக்கின்றன. இந்தத் தடுப்பு உயர்ந்த ஒலிகளில் நன்றாக வேலை செய்யும். கீழே போகப் போகக் குறையும், பேஸில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. ஆக குக்கர் விசிலுக்கும் மிக்சிக்கும் நல்ல க்ளோஸ்டு பேக் கைகொடுக்கும். மண்டபத்துக்குக் கொடுக்காது. அந்த பேஸ் சுவர், தரை, கட்டில் வழியாக உடம்புக்கே வருகிறது. அதை எந்த ஹெட்போனாலும் முழுவதும் நிறுத்த முடியாது.

"அப்போ நாய்ஸ் கேன்சலிங் வாங்கிடலாமே" என்று எல்லாரும் சொல்வார்கள். அது எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் எதற்கு உதவும் என்பதும் விளங்கும். 1978ல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போன, போஸ் நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ், விமான நிறுவனம் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க முடியாமல் எரிச்சலாகி, இரைச்சலுக்கு எதிர் அலையை உண்டாக்கி அதை அழிக்கும் கணக்கைப் பயணத்திலேயே எழுத ஆரம்பித்தார். 1989ல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது, 2000ல் பொதுமக்களுக்கான க்வயட்கம்ஃபர்ட் ஹெட்போன். ஆக அது ஆதியிலிருந்தே 'ம்ம்ம்ம்' என்று மாறாமல் ஓடும் தாழ்ந்த இரைச்சலுக்கான மருந்து. ஏசி, ரயில், பஸ் இன்ஜின், கிரைண்டரின் அடிச்சத்தம் இவற்றுக்கு அற்புதம். திடீர் விசிலுக்கும் ஹாரனுக்கும் அதன் மின்னணுப் பகுதி அவ்வளவாக உதவாது, அங்கே வேலை பார்ப்பது கப்பும் பேடும்தான்.

இன்னொன்று. நாய்ஸ் கேன்சலிங்கை ஆன் செய்ததும் சிலருக்குக் காது அடைத்த மாதிரி, மலைப்பாதையில் ஏறும்போது வருவது போன்ற அழுத்தம் தெரியும். உண்மையில் காற்றழுத்தம் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலிகள் மட்டும் சட்டென்று காணாமல் போனதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது என்பதுதான் பொதுவான விளக்கம். சாதாரணமாகக் கேட்பவர்கள் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். புலன் கூர்மை உள்ளவர்களில் சிலருக்கு அது குமட்டல் வரை போகும், சிலருக்கு அதுதான் சொர்க்கம். போட்டுப் பார்த்தால்தான் தெரியும், அடுத்தவர் விமர்சனத்தை நம்பி வாங்கக் கூடாத விஷயம் இது. மேடு பள்ளத்தில் பஸ் குதிக்கும்போது சில மாடல்கள் 'டப்' என்று ஒரு ஒலியைத் தாங்களே போடுவதும் உண்டு.

அந்த வகை ஹெட்போன் வாங்கினால் கூடவே பார்க்க வேண்டியது அது பேசுகிற பேச்சு. "பவர் ஆன்", "பேட்டரி லோ" என்று பாட்டுக்கு நடுவே ஒரு பெண் குரல் முழு சத்தத்தில் வரும். ஒருமுறை நண்பர் மகனுக்கு நானே தேர்வு செய்து கொடுத்த ஹெட்போனில் இந்தக் குரல் எப்போது வருமோ என்ற பயத்திலேயே பையன் அதைத் தொடாமல் போனான். சோனி, போஸ் மாடல்களில் அவர்களுடைய ஆப்பில் போய் இந்தக் குரலை நிறுத்திவிடலாம். விலை மலிவான பலவற்றில் நிறுத்த வழியே இருக்காது. வாங்குவதற்கு முன் இதைக் கேளுங்கள். கடைக்காரர் இந்தக் கேள்வியை முதல் முறையாகக் கேட்டது போலப் பார்ப்பார், பரவாயில்லை. இதனால்தான் உங்கள் தங்கைக்கு நான் வயர் உள்ளதையே முதலில் சொல்வேன். அதற்குப் பேட்டரி இல்லை, விளக்கு மினுக்காது, தானாகப் பேசாது. போட்டால் பாட்டு, கழற்றினால் இல்லை.

சரி, இப்போது பிடி. இரண்டு கப்பும் தலையை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதுதான் க்ளோஸ்டு பேக்கின் மொத்தக் கதையும். இறுக்கினால் சத்தம் நன்றாக அடைபடும், தலை வலிக்கும். தளர்த்தினால் சுகம், ஆனால் மிக்சி உள்ளே வரும். இதற்கு இரண்டு ஓரத்திலும் ஒரு உதாரணம் சொல்கிறேன். சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ 32 டெசிபல் வரை வெளிச்சத்தத்தைக் குறைக்கும் என்கிறது நிறுவனம். உண்மையிலேயே நன்றாக அடைக்கும், ஆனால் அதன் பிடி நல்ல முரட்டுப் பிடி. புதிதில் யாரோ இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்து நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். ஜெர்மனியின் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவுக்கு அந்த நிறுவனம் சொல்வது சுமார் 18 டெசிபல். பேட் வெல்வெட் போன்ற துணி, பிடி மிதம், ஒரு முழுநாள் போடலாம். 10 டெசிபல் குறைந்தால் சத்தம் ஏறக்குறைய பாதியாகத் தோன்றும் என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அளப்பதால் 32ஐயும் 18ஐயும் நேருக்கு நேர் வைத்துக் கழித்துப் பார்க்காதீர்கள், ஆனால் திசை சரிதான்.

சிலருக்கு இறுக்கமே ஆறுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனமான போர்வை போர்த்தினால் அமைதியாகும் பிள்ளைகள் உண்டல்லவா, அவர்களில் சிலருக்கு எச்டி 280ன் முரட்டுப் பிடி பிடித்துப்போகும். உங்கள் தங்கை தலையணையைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு படுப்பாளா, அல்லது தலையில் யாரும் கை வைத்தாலே தட்டிவிடுவாளா? இந்த ஒரு பதிலிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

பேட் விஷயத்தில் நம் ஊருக்கென்று சில கணக்குகள் இருக்கின்றன. பெரும்பாலான ஹெட்போன்களில் வருவது செயற்கைத் தோல். சத்தத்தை நன்றாக அடைக்கும், ஆனால் மே மாதத்தில் பத்து நிமிடத்தில் காதைச் சுற்றி வியர்வை வளையம் போட்டுவிடும். அந்த ஈர ஒட்டல் பலருக்குச் சத்தத்தை விடப் பெரிய தொந்தரவு. போதாததற்கு கடலோர ஈரப்பதத்திலும் தலை எண்ணெயிலும் அந்தத் தோல் சீக்கிரம் உரிய ஆரம்பிக்கும். கறுப்புத் துணுக்குகள் கன்னத்திலும் காது மடலிலும் ஒட்டிக்கொள்ளும். தொடு உணர்வு கூர்மையானவர்களுக்கு அது கரப்பான் பூச்சி ஊர்கிற மாதிரி. தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பின்னல் போடும் பெண் என்றால் இது உறுதியாக நடக்கும், ஆகவே பேட் தனியாகக் கிடைக்கிற மாடலை மட்டும் வாங்குங்கள். துணிப் பேட் வியர்வையை ஓரளவு தாங்கும், கண்ணாடிக் கம்பிக்கு இடம் விடும், ஆனால் அடைப்பு கொஞ்சம் குறையும். சிலருக்கு அந்தத் துணியின் மயிர்த்தன்மையே அரிக்கும். வீட்டில் வெல்வெட் தலையணை உறை இருந்தால் அதில் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காசில்லாத பரிசோதனை.

கண்ணாடி பற்றி இரண்டு வரி கூடுதலாக. கண்ணாடியின் கம்பி பேடுக்கும் தலைக்கும் இடையில் ஒரு சந்து உண்டாக்குகிறது. அந்தச் சந்து வழியாகப் பாட்டின் பேஸ் வெளியே போகும், வெளிச்சத்தம் உள்ளே வரும். அதே கம்பியைப் பேட் பொட்டில் வைத்து அழுத்தும், இருபது நிமிடத்தில் வலி. மூன்று ஹெட்போனும் தோற்றதற்கு இதுவே போதுமான காரணமாக இருக்கலாம். தடித்த பிளாஸ்டிக் பிரேமுக்குப் பதில் கம்பி மெலிந்த பிரேம், அல்லது பாட்டுக் கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைப்பது, இரண்டுமே புது ஹெட்போன் வாங்குவதை விட மலிவு. தோடும் அப்படித்தான். திருகாணி காதுக்குப் பின்னால் பேடுக்குள் மாட்டி அழுத்தும். ஜிமிக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காது மடல் உள்ளே எதிலும் முட்டக் கூடாது என்பதும் முக்கியம். ஸ்டூடியோக்களில் 1991 முதல் ஓடிக்கொண்டிருக்கும் சோனி எம்டிஆர்-7506 எனக்கு வேலைக்கு மிகப் பிடித்த ஹெட்போன், கனமும் குறைவு. ஆனால் அதன் பேட் தட்டையானது. காது மடல் உள்ளே இருக்கும் துணியில் உரசிக்கொண்டே இருக்கும், சுருள் வயர் ஒரு பக்கமாக இழுக்கும், 'ஸ', 'ச' எழுத்துகள் ஊசி மாதிரி வரும். உங்கள் தங்கைக்கு இதை யாராவது சிபாரிசு செய்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ் ஒலியில் நிதானமானது, 240 கிராம், வயர் கழற்றி மாட்டலாம், ஆனால் பேட் குட்டி. பெரிய காதுக்குப் போதாது.

இந்த 'ஸ' ஊசியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒலியிலேயே வலிக்கிற இடம் பெரும்பாலும் 6,000லிருந்து 9,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஜால்ரா, தாளத்தட்டு, பாடகியின் 'ஸ்', பழைய பாட்டுகளில் இருக்கும் கரகரப்பு எல்லாம் அங்கேதான் குத்தும். பல ஹெட்போன்கள் "தெளிவாகக் கேட்கிறது" என்று பெயர் வாங்க அந்த இடத்தைத் தூக்கி வைத்திருக்கும். நான் மேலே புகழ்ந்த டிடி 770லும் அந்த மேடு நன்றாகவே இருக்கிறது. போனில் இருக்கும் ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) 8 கிலோ ஹெர்ட்ஸ், அதாவது 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் இறக்கினால் சரியாகும். 8 என்ற எண் இல்லையென்றால் அதற்குப் பக்கத்தில் இருப்பதை இறக்குங்கள். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற ஆப்பில் நூற்றுக்கணக்கான ஹெட்போன்களுக்குத் திருத்தம் தயாராகவே இருக்கிறது, மாடலைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதல் நாள் கேட்கும்போது ஒலி மங்கியதாகத் தெரியும். அவள் முகத்தைப் பாருங்கள், உங்கள் காதை நம்பாதீர்கள்.

க்ளோஸ்டு பேக்கில் யாரும் எச்சரிக்காத ஒரு சத்தம் உண்டு, அது நம்முடைய சத்தம். காதை மூடினால் மெல்லுவது, விழுங்குவது, மூச்சு, நடக்கும்போது குதிகால் தரையில் படுவது எல்லாம் மண்டைக்குள் பெரிதாகக் கேட்கும். வயர் சட்டைப் பொத்தானில் உரசினால் அந்த உரசலும் வரும். வெளியே எல்லாம் அமைதியான பிறகு இவைதான் மேடையேறும். மற்றவர் மெல்லும் சத்தத்தைத் தாங்க முடியாததற்கு மிசோபோனியா என்று பெயர். அதற்காக ஹெட்போன் போட்டுச் சாப்பிட உட்காருகிறவர்கள் தன் வாய்ச் சத்தத்தில் மாட்டிக்கொள்வது ஒரு வேடிக்கையான கொடுமை. லேசாகப் பாட்டோ மழைச் சத்தமோ ஓட விட்டால் மறைந்துவிடும். வயரைச் சட்டைக்குள் விட்டு முதுகுப் பக்கமாக எடுத்தால் உரசல் போகும்.

அதிக நேரம் போடலாமா என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சத்தத்தின் அளவைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று எல்லை வைக்கிறது. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. நல்ல அடைப்பு உள்ள ஹெட்போனில் சத்தத்தைக் கூட்ட வேண்டிய தேவையே குறையும் என்பதால் இந்த விஷயத்தில் க்ளோஸ்டு பேக் பாதுகாப்பானது. ஐபோன் என்றால் அமைப்புகளில் உரத்த ஒலியைக் குறைக்கும் வசதியில் உச்ச வரம்பு வைத்துவிடலாம்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் இருக்கிறது. அமைதியான அறையிலும் நாள் முழுவதும் காதை மூடியே வைத்தால் காது அந்த அமைதிக்குப் பழகி, சின்னச் சத்தமும் பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும். 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சாதாரணமாகக் கேட்கும் திறன் உள்ளவர்களை இரண்டு வாரம் நாளின் பெரும்பகுதி காதடைப்பான் போட வைத்தார்கள். அவர்கள் முன்பை விட சத்தம் தாங்காதவர்களானார்கள். மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருக்கச் செய்தவர்களுக்கு எதிர்த் திசையில் தாங்கும் திறன் கூடியது. இதை வைத்து "கழற்றிப் பழகு" என்று அவளிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். மிக்சி ஓடும்போது போடுவது வேறு, யாருமில்லாத மத்தியானத்தில் போட்டுக்கொண்டே இருப்பது வேறு. இரண்டாவதைத்தான் மெல்லக் குறைக்க வேண்டும், அதுவும் அன்றாட வேலைகளுக்கும் புலன் சிக்கல்களுக்கும் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரோடு பேசிவிட்டு. சென்னைப் பக்கம் இருந்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது.

இனி என்ன வாங்குவது. நான் இரண்டு பொருளாக வாங்கச் சொல்வேன். ஒன்று, பாட்டே வராத காது மூடி. தொழிற்சாலைகளில் போடுகிறார்களே, அதுதான். 3எம் நிறுவனத்தின் பெல்டார் எக்ஸ்4ஏ சுமார் 234 கிராம், அமெரிக்க அளவில் 27 டெசிபல் மதிப்பு. அதைவிடப் பெரிய எக்ஸ்5ஏவுக்கு 31, ஆனால் 350 கிராம், முகத்தின் இரண்டு பக்கமும் தேங்காய் மூடி கட்டிய மாதிரி இருக்கும். எக்ஸ்4ஏ போதும். நல்ல ஹெட்போன் விலையில் சிறு பங்குதான் ஆகும். அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டி வையுங்கள். மிக்சியைப் போடுவதற்கு முன் "மிக்சி போடறேன்" என்று ஒரு குரல் கொடுங்கள். தீபாவளிக்கும் இதுதான். மிக்சிக்காகப் பாட்டு ஹெட்போனை நம்பாமல் போனதும், அந்த ஹெட்போன் அவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டிய அவசியமும் போய்விடுகிறது பாருங்கள்.

இரண்டாவது, பாட்டுக்கு டிடி 770 ப்ரோ, 80 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு). 250 ஓமும் உண்டு, ஆனால் போனில் நேரடியாகப் போட்டால் அதில் சத்தம் குறைவாகவே வரும். போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் சார்ஜர் துளையில் செருகி ஹெட்போனை மாட்டும் ஒரு சின்ன டாங்கிள் வேண்டும். வயர் 3 மீட்டர் நீளம், கழற்ற முடியாது; சுருட்டி ஒரு துணிப்பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். வெல்வெட் துணி ஆகாது என்றால் ஏகேஜி கே371. ஒலி மென்மையாகச் சமன் செய்யப்பட்டது, ஈக்வலைசர் வேலை அவ்வளவாக இருக்காது, 255 கிராம், வயர் கழற்றலாம். ஆனால் அதன் பேட் கண்ணாடியோடு ஒத்துப்போகாது, சந்து விழுந்தால் பேஸ் ஓடிவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பாள் என்றால் மட்டும் இது.

வாங்கி வந்ததும் உடனே தலையில் மாட்டிவிடாதீர்கள். புதுப் பேட்டில் ஒரு பசை வாசம் இருக்கும், இரண்டு மூன்று நாள் மின்விசிறிக்குக் கீழே திறந்து வையுங்கள். ஹெட்பேண்ட் இறுக்கமாகத் தோன்றினால் அவள் தலை அகலத்தை விடக் கொஞ்சம் பெரிய அட்டைப் பெட்டியில் இரவு முழுவதும் மாட்டி வைத்தால் தளரும். டிடி 770ல் உள்ளே இரும்புப் பட்டை இருப்பதால் இது நன்றாகவே வேலை செய்யும். முழுவதும் பிளாஸ்டிக்காக இருக்கும் மாடலில் இதைச் செய்தால் உடைந்துவிடலாம். முதல் தடவை பாட்டு இல்லாமலே போடச் சொல்லுங்கள், வயரைக்கூடச் செருக வேண்டாம், அவளுக்குப் பிடித்த வேலை எதையாவது செய்துகொண்டிருக்கட்டும். எத்தனையாவது நிமிடத்தில் கை எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். உச்சந்தலைக்குப் போனால் ஹெட்பேண்ட், பொட்டுக்குப் போனால் கண்ணாடிக் கம்பி, காதுக்குக் கீழே போனால் தோடு அல்லது வியர்வை. பழைய மூன்று ஹெட்போனும் வீட்டில் இருந்தால், புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன்பே இந்தச் சோதனையை அவற்றில் செய்து பார்க்கலாம்.